ஃபேன் ஹெடர் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, ஆறு ஃபேன் போடலாமா?

தன் கம்ப்யூட்டரைப் பற்றி ஒருவர் கேட்ட கேள்வி இது. ரைசன் 5 5600 சிபியு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, முன்பக்கம் கண்ணாடி வைத்த கேபினெட், பின்னால் ஒரே ஒரு ஃபேன். மதர்போர்டில் சிபியு ஃபேனுக்கான ஹெடர் (ஃபேன் வயரைச் செருகும் பின் வரிசை) போக, கேபினெட் ஃபேனுக்கு இன்னொன்றுதான் இருக்கிறது. கேம் ஆடினால் சூடு ஏறுகிறது. வண்ண விளக்கு வைத்த ஆர்ஜிபி ஃபேன் ஆறு உள்ள செட் வாங்கலாமா, வாங்கினால் எதில் மாட்டுவது?

ஆறு வேண்டாம். முன்னால் நல்ல ஃபேனாக இரண்டு போடுங்கள், பின்னால் இருப்பது அப்படியே இருக்கட்டும். மிச்சப் பணத்தை எஸ்எஸ்டியில் போடலாம்.

காரணம் சின்னக் கணக்குதான். ஆர்எக்ஸ் 6600 அதிகபட்சம் 132 வாட், 5600-க்கு 65 வாட் டிடிபி (கூலர் சமாளிக்க வேண்டிய வெப்பத்தின் அளவு). கேம் ஓடும்போது பெட்டிக்குள் சுமார் 200 வாட் வெப்பம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 30 கன அடி காற்று உள்ளே வந்து வெளியே போனால், போகிற காற்று அறையின் காற்றைவிட ஏறக்குறைய 12 டிகிரி சூடாக இருக்கும். காற்றை 60 கன அடியாக்கினால் அது 6 டிகிரி. 120 ஆக்கினால் 3. முதல் முறை இரட்டிப்பாக்கும்போது 6 டிகிரி லாபம், அடுத்த முறை வெறும் 3. ஃபேனைக் கூட்டக் கூட லாபம் இப்படிச் சுருங்கிக்கொண்டே வரும், சத்தம் மட்டும் சுருங்காது. மே மாதம் சென்னையில் மதியம் அறையே 35 டிகிரி இருந்தால், எத்தனை ஃபேன் போட்டாலும் அதற்குக் கீழே எதுவும் இறங்காது.

இன்னொன்று, ஃபேன் பெட்டியில் போட்டிருக்கும் சிஎஃப்எம் எண் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது) எதிரே தடையே இல்லாமல் அளந்தது. உங்கள் கேபினெட்டில் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் இடைவெளி. அந்த வழியாக ஃபேன் காற்றை இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஃபேன் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள். ஒரு கனமான கேமை அரை மணி நேரம் ஓட்டி ஜிபியு (கிராபிக்ஸ் கார்டின் சிப்) வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அதே கேம், அதே செட்டிங், அதே அரை மணி நேரம். ஏழெட்டு டிகிரி இறங்கினால் காற்று வரும் வழிதான் அடைபட்டிருக்கிறது. அப்போது ஃபேனைவிட, முன்பக்கம் மெஷ் வைத்த கேபினெட்டுக்கு மாறுவது பணத்துக்கு மதிப்பு. பெரிதாக மாறவில்லை என்றால் பக்கவாட்டுக் கதவையும் திறந்துவிட்டு ஒரு தடவை ஓட்டுங்கள். அப்போது நன்றாக இறங்கினால் உள்ளே காற்றோட்டம் போதவில்லை, ஃபேன் வாங்கலாம். எதற்கும் அசையவில்லை என்றால் கேபினெட்டைக் குறை சொல்ல முடியாது. கிராபிக்ஸ் கார்டில் தூசி அடைத்திருக்கிறதா, சிப்புக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். என் சித்தி மகனின் பிசியில் கண்ணாடியைக் கழற்றிய கொஞ்ச நேரத்திலேயே கார்டின் இரைச்சல் அடங்கியது. காசு செலவில்லாமல் விடை கிடைக்கும் சோதனை இது.

சரி, ஃபேன் தேவைதான் என்று தெரிந்துவிட்டது. 120 மி.மீ. அளவில், 4 பின் பிடபிள்யூஎம் ஃபேனாக (நான்காவது வயர் வழியாக வேகத்தைக் கட்டுப்படுத்தும் வகை) பாருங்கள். ஃபில்டருக்கும் கண்ணாடிக்கும் பின்னால் நிற்கப்போகும் ஃபேன் என்பதால் ஸ்டாட்டிக் பிரஷர், அதாவது தடையை மீறிக் காற்றைத் தள்ளும் திறன், நன்றாக இருக்க வேண்டும். ஆர்க்டிக் பி12 போன்றவை குறைந்த விலையில் இதற்குப் பொருந்தும். அதிலேயே பிஎஸ்டி என்று போட்ட மாடலில் ஒரு ஃபேனின் வயரிலேயே அடுத்த ஃபேனைச் செருகும் வசதி உண்டு. ஒரே ஹெடர் வைத்திருக்கும் உங்களுக்கு அது அவ்வளவு சௌகரியம். சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ மலிவாகக் கிடைக்கும் ஆர்ஜிபி செட்களை வாங்குமுன் வயரின் முனையைப் பாருங்கள். பலவற்றில் 6 பின் கனெக்டர் இருக்கும். அது அந்த செட்டோடு வரும் ஹப்பில் (எல்லா ஃபேனையும் சேர்த்து மாட்டும் சின்னப் பெட்டி) மட்டுமே மாட்டும், மதர்போர்டில் மாட்டாது. ஹப் போனால் ஃபேன்கள் நன்றாக இருந்தும் ஒன்றுக்கும் உதவாது.

இனி கனெக்‌ஷன். மதர்போர்டில் சிபியு ஃபேன் என்று எழுதிய ஹெடரில் சிபியு கூலர் மட்டும்தான். அதைக் காலியாக விட்டால் பல போர்டுகள் பூட் ஆகும்போதே எரர் காட்டி நிற்கும். கேபினெட் ஃபேனுக்கு சிஸ் ஃபேன் அல்லது சேஸி ஃபேன் என்று எழுதியிருக்கும். அதில் நான்கு பின்: கிரவுண்ட், 12 வோல்ட், வேகத்தைச் சொல்லும் வயர், வேகத்தைக் கட்டுப்படுத்தும் வயர். முதல் மூன்று பின்களுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாக்கு நிற்கும். 3 பின் ஃபேனையும் அந்த நாக்கு சரியான இடத்தில்தான் உட்கார வைக்கும், நான்காவது பின் சும்மா இருக்கும். எனவே 3 பின் ஃபேனையும் தாராளமாக மாட்டலாம். ஆனால் பயாஸில் (விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் போர்டின் செட்டிங் திரை) அந்த ஹெடரை டிசி மோடுக்கு, அதாவது வோல்டேஜைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும் முறைக்கு, மாற்ற வேண்டும். பிடபிள்யூஎம் மோடிலேயே விட்டால் 3 பின் ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு ஹெடர் பெரும்பாலும் 1 ஆம்பியர் தாங்கும், உங்கள் போர்டின் மேனுவலில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஃபேனின் நடுவில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். கூட்டிப் பாருங்கள். ஸ்டார்ட் ஆகும்போது கொஞ்சம் அதிகம் இழுக்கும் என்பதால் விளிம்பு வரை போகாதீர்கள். சாதாரண 120 மி.மீ. ஃபேன் மூன்றை ஸ்ப்ளிட்டர் (ஒரு ஹெடரைப் பலவாகப் பிரிக்கும் வயர்) போட்டு ஒரே ஹெடரில் ஓட்டுவதில் பிரச்சினை இல்லை. ஸ்ப்ளிட்டரின் ஒரு முனையில் நான்கு வயரும் மற்றவற்றில் மூன்றும் இருப்பதைப் பார்த்துக் கெட்டுப்போனது என்று நினைக்க வேண்டாம். ஒரே ஒரு ஃபேனின் வேகத்தைத்தான் போர்டு படிக்க முடியும், அதற்காகவே மற்றவற்றில் வேகத்தைச் சொல்லும் வயரை வைக்காமல் விட்டிருக்கிறார்கள். பின்னால் இருக்கும் பழைய ஃபேன் 3 பின் என்றால், அதைப் புது பிடபிள்யூஎம் ஃபேன்களோடு ஒரே ஸ்ப்ளிட்டரில் சேர்க்கும்போது டிசி மோடு வையுங்கள். எல்லாம் சேர்ந்தே வேகம் குறையும்.

பெரிய மோலக்ஸ் கனெக்டரில் நேராக பவர் சப்ளையில் மாட்டும் ஃபேனின் வேகத்தை மாற்ற வழியில்லை. ராத்திரி படம் பார்க்கும்போதும் அதே இரைச்சல்தான். முடிந்தவரை தவிர்த்துவிடுங்கள்.

விளக்கு வயர் தனி. 3 பின் ஏஆர்ஜிபி (ஒவ்வொரு விளக்கின் நிறத்தையும் தனித்தனியே மாற்றும் வகை) 5 வோல்ட், 4 பின் ஆர்ஜிபி 12 வோல்ட். 5 வோல்ட் விளக்கு வயரை 12 வோல்ட் ஹெடரில் அழுத்திச் செருகினால் எல்இடிகள் எரிந்துபோகும். இதில் மட்டும் அவசரமே கூடாது.

மாட்டும் பக்கத்தைக் கவனியுங்கள். ஃபேனில் குறுக்குக் கம்பியும் வயரும் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியே வரும். முன் ஃபேன்களின் அந்தப் பக்கம் கேபினெட்டின் உள்ளே பார்க்க வேண்டும், பின் ஃபேனுக்கு வெளியே. முன்னால் மூன்று இடம் இருந்து, அடியில் உள்ளது பவர் சப்ளை மூடிக்குப் பின்னால் மறைந்திருந்தால் மேல் இரண்டிலும் போடுங்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு நேராகக் காற்று அடிக்க வேண்டும், அதுதான் முக்கியம். மேல்பக்கம் முன் மூலையில் வெளியேற்றும் ஃபேன் வைக்காதீர்கள். புதுக் காற்று சிபியு பக்கம் போவதற்குள் அது இழுத்து வெளியே தள்ளிவிடும்.

கடைசியாக பயாஸ். கேபினெட் ஃபேன் சிபியு வெப்பநிலையைப் பார்த்து ஓடும்படி வைத்தால், ரைசனில் ஒரு பிரவுசர் திறந்தாலே வேகம் ஏறி இறங்கும், அந்த ஏற்ற இறக்கம்தான் காதை உறுத்தும். 60 டிகிரி வரை 40 சதவீதம், 75-இல் 70 சதவீதம் என்று வைத்து, வேகம் மாறும் தாமதத்தையும் கூட்டிவிடுங்கள். கேமில் சூடாவது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான், அதைப் பார்த்து ஃபேன் ஓட வேண்டும் என்றால் விண்டோஸில் ஃபேன் கன்ட்ரோல் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மாட்டி முடித்து ஒரு வாரம் ஓட்டிய பிறகு, அதே கேமில் அதே அரை மணி நேர எண்ணைக் கமெண்டில் போடுங்கள், வேகத்தை எங்கே குறைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.