கட்சிப் பெயர் இல்லாத வாக்குச்சீட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் ஒரு நடுத்தர நகரத்தில் வசிக்கிறேன். குடியுரிமை பெற்றபின் எனக்கு இது முதல் தேர்தல். தபாலில் வந்த வாக்குச்சீட்டில் ஆளுநர் பதவிக்கு நிற்பவர்களின் பெயருக்குக் கீழே கட்சி இருக்கிறது. மேயர் பதவிக்கு நிற்பவர்களுக்கு அது இல்லை. முதலில் மகிழ்ந்தேன். கட்சிச் சண்டை இல்லாமல் ஆளைப் பார்த்து வாக்களிக்கலாம் அல்லவா? ஆனால் அவர்களில் ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. அந்த இடத்தை நிரப்பாமல் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகிழ்ச்சிக்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது. 1911இல் ஹைரம் ஜான்சன் ஆளுநரானபோது சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பிடியில்தான் கலிஃபோர்னியா அரசியல் இருந்தது. கட்சிக்காரர்கள் வழியாகவே அந்தப் பிடி இறுகியிருந்தது. கட்சிகளின் கையைத் தறித்தால் ஊழல் ஒழியும் என்று ஜான்சனைப் போன்ற அந்தக் காலச் சீர்திருத்தவாதிகள் உளமார நம்பினார்கள். நகராட்சி, கவுண்டி (நம் மாவட்டம் போன்றது), பள்ளி, நீதிபதிப் பதவிகள் கட்சிச் சார்பற்றவை என்று இன்று மாநிலத்தின் அரசியலமைப்பே சொல்கிறது. அவர்களுடைய நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கட்சிப் பெயரை எடுத்துவிட்டால் மீதமிருப்பது ஆளின் தகுதி மட்டுமே என்ற நம்பிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் பள்ளத்தாக்கிலேயே இருக்கும் ஸ்டாக்டனைப் பாருங்கள். மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஊர். 2012இல் திவாலானது. அதுவரை அமெரிக்காவில் அவ்வளவு பெரிய நகரம் எதுவும் திவாலானதில்லை. மறு ஆண்டு டெட்ராய்ட் அதை முந்தியது. 2016இல் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மைக்கேல் டப்ஸ், இருபத்தாறு வயதில், ஏறத்தாழ 70 சதவீத வாக்குகளோடு மேயரானார். ஊரின் முதல் கறுப்பின மேயர். 2019 பிப்ரவரியிலிருந்து 125 பேருக்கு மாதம் 500 டாலர், எந்த நிபந்தனையுமின்றி, நன்கொடைப் பணத்திலிருந்து தரும் திட்டத்தைத் தொடங்கினார். நாடே திரும்பிப் பார்த்தது.

2020இல் அவர் தோற்றார். வென்றவர் கெவின் லிங்கன், போதகர், மரீன் படையின் முன்னாள் வீரர், குடியரசுக் கட்சிக்காரர். டப்ஸ் ஜனநாயகக் கட்சிக்காரர். அதே நவம்பரில் அதிபர் தேர்தலில் ஸ்டாக்டன் அடங்கிய சான் ஜோவாகின் கவுண்டி ஜனநாயகக் கட்சியின் ஜோ பைடனுக்கே பெரும்பான்மை தந்தது. மேயர் தேர்தலுக்கான வாக்குச்சீட்டில் இருவரின் கட்சியும் அச்சிடப்படவில்லை. 2024இல் அதே லிங்கன், கட்சிப் பெயர் அச்சிடப்பட்ட நாடாளுமன்றத் தேர்தலில், ஸ்டாக்டன் அடங்கிய தொகுதியில் நின்றார். தோற்றார்.

ஆளைப் பார்த்து வாக்களித்தார்கள், நல்லதுதானே என்பீர்கள். ஓரளவு உண்மைதான். வீடற்றோர் பெருகியதிலும் ஊரின் பாதுகாப்பிலும் மக்களுக்கு உண்மையான மனக்குறைகள் இருந்தன. ஆனால் அந்த ஆளைப் பற்றி அவர்களுக்குச் சொன்னது யார்? 1895இல் தொடங்கிய ‘தி ரெக்கார்ட்’ நாளிதழ் ஆட்குறைப்பில் மெலிந்துவிட்டது. அந்த வெற்றிடத்தில் ‘209 டைம்ஸ்’ என்ற சமூக ஊடகப் பக்கம் வளர்ந்தது. ஆண்டுக்கணக்காக டப்ஸைத் தாக்கி எழுதியது. தோல்விக்கு அது மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் எனக்குக் கவலை தருவது இதுதான்: கட்சிப் பெயர் கரடுமுரடானதாக இருந்தாலும் ஒரு தகவல். அதை எடுத்துவிட்டு, பத்திரிகையையும் இழந்துவிட்ட ஊரில், யார் அதிகம் கூவுகிறார்களோ அவர்கள் சொல்வதே தகவலாகிவிடுகிறது.

உங்கள் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயருக்குக் கீழே தொழிலைக் குறிக்கும் சில சொற்கள் இருக்கும். மூன்று சொற்களுக்கு மேல் கூடாது என்பது பொது விதி. ‘சிறுதொழில் உரிமையாளர்’, ‘ஆசிரியர்’ என்று எழுதுவார்கள். பதவியில் இருப்பவர் தன் பதவியையே எழுதிக்கொள்வார். கட்சி இல்லாத சீட்டில் வாக்காளர் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார். அதனால் பதவியில் இருப்பவருக்கு ஆதாயம் கூடுகிறது, பலர் அந்த இடத்தை நிரப்பாமலே விடுகிறார்கள் என்று ஆய்வுகளும் சொல்லியிருக்கின்றன. நீங்கள் யோசிப்பதும் அதைத்தானே?

விடாதீர்கள். இரண்டு காரியம் செய்யுங்கள்.

உங்கள் மேயருக்கு என்ன அதிகாரம் என்று முதலில் பாருங்கள். ஸ்டாக்டனில் அன்றாட நிர்வாகம் நியமிக்கப்பட்ட நகர மேலாளர் கையில்; ஏழு பேர் கொண்ட நகர மன்றத்தில் மேயருக்கு ஒரு வாக்கு. இந்தப் பள்ளத்தாக்கின் பல ஊர்களிலும் ஏறக்குறைய இதுதான் அமைப்பு. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் “நான் வந்தால் குற்றத்தை ஒழிப்பேன்” என்றால், மற்ற உறுப்பினர்களை எப்படிச் சேர்த்துக்கொள்வார் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் அந்த வேலைக்குத் தயாராகவில்லை.

பிறகு, வேட்பாளர்கள் தங்கள் தேர்தல் நன்கொடைகளுக்குக் கணக்குக் காட்டும் படிவம் 460ஐப் படியுங்கள். 100 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவர்களின் பெயர், தொழில், வேலை செய்யும் இடம் எல்லாம் அதில் இருக்கும். நகரச் செயலர் அலுவலகத்தில் யார் கேட்டாலும் காட்ட வேண்டும். பல நகரங்கள் இணையத்திலேயே வைத்திருக்கின்றன. கட்டுமான நிறுவனங்களா, காவலர் சங்கமா, ஆசிரியர்களா, அண்டை வீட்டுக்காரர்களா, யார் பணம் யாரிடம் போகிறது என்று ஒரு மாலைப் பொழுதில் தெரிந்துவிடும். ஹைரம் ஜான்சன் காலத்தில் ரயில் நிறுவனத்தின் பணத்தை வாக்காளர் இப்படிப் பார்த்திருக்க முடியாது. உங்களால் முடியும். பார்த்துவிட்டு அந்த இடத்தை நிரப்புங்கள். தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழும்படி அனுப்புங்கள்.