எஃப்.டி. என்று சொல்லி பாலிசியில் போட்ட பணம்: திரும்பக் கிடைக்குமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்:

"அப்பாவுக்கு 67 வயது. பொதுத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் மாதம் மூவாயிரத்துச் சொச்சம்தான். போன வருடம் 3 லட்ச ரூபாய் டெபாசிட்டைப் புதுப்பிக்க பேங்க்குக்குப் போனார். வட்டி அதிகம், ஐந்து வருட டெபாசிட் என்று சொல்லி நாலைந்து இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது அடுத்த மாதம் இன்னொரு 3 லட்சம் கட்டச் சொல்லி எஸ்.எம்.எஸ். வருகிறது. விசாரித்தால் அது இன்சூரன்ஸ் பாலிசி, ஏழு வருடம் கட்ட வேண்டுமாம். பத்திரம் என்று எதுவும் வீட்டுக்கு வரவில்லை. மேனேஜரைக் கேட்டால், ‘உங்க அப்பாதானே கையெழுத்துப் போட்டார்’ என்கிறார். பணம் திரும்பக் கிடைக்குமா?"

கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இந்த வாரமே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். அப்பாவின் கணக்கிலிருந்து பிரீமியம் தானாகப் பிடித்துக்கொள்ள அன்றைக்கே ஒப்புதல் வாங்கியிருப்பார்கள். அதை ரத்து செய்யச் சொல்லி பேங்க்கில் எழுத்து மூலம் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது தவணை போய்விட்டால், திட்டத்தைத் தெரிந்தே தொடர்ந்தார் என்று கம்பெனி சொல்ல நாமே வழி செய்துகொடுத்ததாகிவிடும். அதேபோல, ‘சரி, சரண்டர் பண்ணிடுங்க’, அதாவது பாலிசியைப் பாதியிலேயே முடித்துக்கொள்ளுங்கள் என்று யோசனை சொல்வார்கள். இப்போதைக்குச் செய்யாதீர்கள். சரண்டரில் வருவது கட்டியதில் ஒரு பகுதிதான். அதோடு விவகாரமும் முடிந்தது என்பார்கள். நீங்கள் கேட்பது முழுப் பணத்தை.

இனி மேனேஜர் சொன்ன பதிலுக்கு வருகிறேன். கையெழுத்து அப்பாவுடையதுதான், அதை மறுக்க வேண்டாம். என்ன சொல்லி அந்தக் கையெழுத்தை வாங்கினார்கள் என்பதுதான் கேள்வி. ஒரு சேவையின் தன்மையைப் பற்றித் தவறான தகவல் சொல்லி விற்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பல வருடமாகச் சம்பளமும் பென்ஷனும் போட்டு எடுத்த கிளையில், எதிரில் உட்கார்ந்திருப்பவர் நம் நல்லதுக்குத்தான் சொல்வார் என்று ஒரு பெரியவர் நம்புவது முட்டாள்தனம் இல்லை. அந்த நம்பிக்கையைக் காசாக்கியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பாலிசி விற்றால் பேங்க்குக்குக் கமிஷன் உண்டு, ஊழியர்களுக்கு இலக்கும் உண்டு. பேங்க்குகள் இன்சூரன்ஸைத் தவறாகத் தலையில் கட்டுவது பற்றி நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே 2024 நவம்பரில் மும்பையில் பொதுமேடையில் எச்சரித்தார். ஆகவே உங்கள் அப்பா தனி ஆள் இல்லை.

அப்பாவுக்குத் தெரியாது, ஏமாந்துவிட்டார் என்று மட்டும் எழுதினால் புகார் நிற்காது. இந்தப் பாலிசி இந்த மனிதருக்குப் பொருந்தவே பொருந்தாது என்பதை அவர்கள் காகிதத்தை வைத்தே காட்ட வேண்டும். அதற்கு முக்கியமான ஆவணம் புரபோசல் ஃபார்ம், அதாவது பாலிசிக்கு விண்ணப்பித்த படிவம். அதன் நகலைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். கைக்கு வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலில் வருமானம். மூவாயிரம் பென்ஷன் வாங்குபவர் வருடம் 3 லட்சம் பிரீமியம் கட்ட முடியாது என்பது கம்பெனிக்கும் தெரியும். அதனால் இப்படிப்பட்ட படிவங்களில் தொழில் ‘வியாபாரம்’ என்றும், ஆண்டு வருமானம் பத்துப் பன்னிரண்டு லட்சம் என்றும் எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அப்படி இருந்தால் பென்ஷன் புத்தகத்தின் நகலைப் பக்கத்தில் வையுங்கள், அதற்கு மேல் விளக்கமே தேவையில்லை. அடுத்து மொபைல் எண்ணும் மின்னஞ்சலும். அப்பா பயன்படுத்தாத ஒரு மின்னஞ்சலைப் போட்டிருந்தால், பத்திரம் ஏன் கைக்கு வரவில்லை என்பதும் புரிந்துவிடும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. அப்பா தமிழில் கையெழுத்துப் போடுபவரா? படிவம் ஆங்கிலத்தில் இருந்து, கையெழுத்து வேறு மொழியில் இருந்தால், ‘இதில் உள்ளதை விண்ணப்பதாரருக்குப் புரியும் மொழியில் விளக்கினேன்’ என்று இன்னொருவர் கையெழுத்திட வேண்டிய பகுதி ஒன்று படிவத்தின் கடைசியில் இருக்கும். அது காலியாக இருக்கிறதா, அல்லது யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அப்பா கண்ணால் பார்த்திராத ஒரு பெயர் அங்கே இருந்தால் அதைப் புகாரில் தனிப் பத்தியாக எழுதுங்கள். பாலிசி கொடுக்கும் முன் கம்பெனி போனில் பேசிச் சரிபார்க்கும் அழைப்பின் பதிவையும் கேளுங்கள். எந்த மொழியில் பேசினார்கள், ‘எல்லாத்துக்கும் எஸ் சொல்லிடுங்க சார்’ என்று யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று அப்பாவிடம் பொறுமையாகக் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள். திட்டாதீர்கள். திட்டினால் பாதியை மறைப்பார், அந்தப் பாதிதான் நமக்கு வேண்டியது.

பத்திரம் வராதது உங்களுக்குச் சாதகமான விஷயம். 2024 ஏப்ரல் முதல், ஆயுள் பாலிசி ஆவணம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று திருப்பிக்கொடுக்கும் உரிமை இருக்கிறது. முத்திரைத்தாள் செலவு, மருத்துவப் பரிசோதனைச் செலவு, அத்தனை நாள் காப்புக்கான தொகை ஆகியவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். ஆவணம் கைக்கு வரவே இல்லை என்றால் 30 நாள் எப்படி ஆரம்பிக்கும்? எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள், யார் பெற்றுக்கொண்டார்கள், ஆதாரம் கொடுங்கள் என்று கேளுங்கள். அதே கடிதத்தில் பாலிசியை ரத்து செய்து பணத்தைத் தரும்படியும் கேட்டுவிடுங்கள்.

பேங்க் அரசு பேங்க் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் கைகொடுக்கும். அப்பா பெயரில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டு, அன்று அவர் கொடுத்த டெபாசிட் புதுப்பிப்பு விண்ணப்பத்தின் நகல், பாலிசியை விற்ற ஊழியரின் பதவி, இந்தப் பாலிசிக்குக் கிளைக்கு வந்த கமிஷன் ஆகியவற்றைக் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் பதில் வரும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மனு போனதுமே கிளையில் பேச்சின் தொனி மாறும்.

புகாரை இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு அனுப்பி, நகலை பேங்க்குக்குக் கொடுங்கள். பிமா பரோசா இணையதளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதிந்தால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பார்வைக்கும் போகும். ஒரு மாதத்தில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் அதிகாரி. பெங்களூரில் இந்த அலுவலகம் ஜே.பி. நகரில் ஜீவன் சௌதா கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்கவும் முடியாது. அது ஒரு விதத்தில் நல்லதுதான், உங்கள் அப்பா தன் வாயால் சொல்லும் கதைக்கு அங்கே மதிப்பு அதிகம். 50 லட்சம் வரையிலான விவகாரங்களை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

அப்புறம்தான் நுகர்வோர் ஆணையம். இந்த வரிசையை மாற்றாதீர்கள், ஏனென்றால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நடக்கும்போது அதே விஷயத்தை ஆம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. பேங்க், கம்பெனி இரண்டையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம், மன உளைச்சலுக்கு இழப்பீடும் கேட்கலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடம்தான் அவகாசம். பாதுகாப்பாக, பணம் போன தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள். சட்டத்தில் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று இருந்தாலும் நடைமுறையில் இழுக்கும். அதனால்தான் முதலில் ஆம்பட்ஸ்மேன் என்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பாலிசியில் பணம் மாட்டிக்கொண்டவர்களைக் குறிவைத்து, ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து பேசுகிறோம், போனஸோடு பணத்தை விடுவிக்கிறோம், அதற்கு ஒரு சின்னத் தொகை கட்டுங்கள் அல்லது புதுப் பாலிசி எடுங்கள் என்று போன் வரும். நல்ல தமிழிலேயே பேசுவார்கள். அந்த ஆணையம் யாருக்கும் போன் செய்து பாலிசி விற்பதும் இல்லை, போனஸ் தருவதும் இல்லை. போனை வைத்துவிட்டு உங்களிடம் சொல்லும்படி அப்பாவிடம் இன்றைக்கே பேசி வையுங்கள். ஒருவேளை பணம் கட்டிவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.