வாசகர் கேள்வி – பதில்: பழைய செருப்புத் தையல் மெஷின்

கேள்வி: எங்கள் பழைய கடையில் செருப்பு தைக்கும் சிங்கர் மெஷின் ஒன்று கிடக்கிறது. தகட்டில் 29கே51 என்று இருக்கிறது. எண் ‘ஈஜி’ என்று தொடங்குகிறது. எந்த ஊர்ச் சரக்கு? மெஷினின் கை ஏன் இவ்வளவு நீளம், ஒல்லி? – வாசகர், பேரணாம்பட்டு

பதில்: ஸ்காட்லாந்துச் சரக்கு. ‘கே’ என்பது கில்போவி. கிளைட்பேங்க் ஊரில் 1885-ல் திறந்து 1980-ல் மூடிய சிங்கர் ஆலை அங்கேதான் இருந்தது. ஈ-யில் தொடங்கும் இரட்டை எழுத்து எண்கள் 1930-களின் நடுவில்தான் வந்தன. ஆகவே உங்களுடையது அதற்குப் பிந்தையது. அமெரிக்காவில் செய்த இதே ரகத்தில் ‘கே’ இராது, 29-4 என்றிருக்கும்.

கைக்கு வருவோம். ஆம்பூர், ராணிப்பேட்டை கம்பெனிகளில் அப்பரை (ஷூவின் மேல்பாகம்) லாஸ்டிங்குக்கு, அதாவது அச்சில் ஏற்றி இழுத்து வடிவம் கொடுப்பதற்கு, முன்பே தைத்துவிடுவார்கள். முடிந்த ஷூ கிழிந்தால்தான் சிக்கல். அதைப் பிரித்துப் பரப்ப முடியாது. அதனால் ஒல்லியான கையை ஷூவுக்குள் முனைவரை நுழைக்கிறோம். சாதாரண மெஷினில் கீழே இருக்கும் பல் துணியை நகர்த்தும். இதில் மேலிருந்து அழுத்தும் பாதமே தோலைக் கவ்வி இழுக்கும், எந்தப் பக்கமும் முழு வட்டமாகத் திரும்பும். ஷூவைத் திருப்பாமலே ஒட்டுத் தோலைச் சுற்றித் தைக்கலாம். இங்கிலாந்தில் இந்த ரகத்துக்கு ‘எலாஸ்டிக் மெஷின்’ என்றே பெயர். கணுக்காலில் எலாஸ்டிக் வைத்த பூட்ஸுக்குப் புது எலாஸ்டிக் மாற்ற இது உதவியது. ஓல்ட்ஹாம் நகரத்து பிராட்பரி கம்பெனியும் இதைச் செய்தது.

கேள்வி: இதே மாதிரி மெஷின்தான் என்னுடையதும். தையல் விட்டு விட்டு விழுகிறது. – வாசகர், குடியாத்தம்

பதில்: முதலில் ஊசி. 29x3 அல்லது 29x4 ரகம்தான் வேண்டும். வீட்டு மெஷின் ஊசி போட்டால் ஷட்டில் (பாபினை வைத்திருக்கும் கீழ்ப்பாகம்) ஊசி நூலைப் பிடிக்காது. நூல் 69-ம் நம்பர் நைலானுக்கு மேல் போகவேண்டாம், ஊசி 18. கீழ்நூல் சுற்றும் பாபின் ரொம்பச் சிறியது, அடிக்கடி சுற்ற வேண்டியிருக்கும்.

இவை சரியாக இருந்தும் விட்டால், தேய்மானம். கைக்குள் ஒரு பல் சட்டம் முன்னும் பின்னும் ஓடி, முனையில் உள்ள சின்னப் பல் சக்கரத்தைத் திருப்புகிறது. ஷட்டிலை இயக்குவது அதுதான். மெஷினை ஓட்டும் பெரிய சக்கரத்தை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகை விரலால் ஷட்டிலை ஆட்டிப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் இருந்தால் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரிந்து ஆடினால் சட்டத்தையும் பல் சக்கரத்தையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புதுப் பல்லையும் தின்றுவிடும். பழைய மெஷின் வாங்கும்போதும் பெயிண்டைப் பார்க்காமல் இதைத்தான் பார்க்கவேண்டும்.

தையல் விடாமல், நீளம் மட்டும் குறைந்துகொண்டே போனால் பாதத்தை இழுக்கும் பாகங்கள் தேய்ந்திருக்கின்றன. எண்ணெய் கெட்டியாகி இறுகியிருந்தாலும் இப்படி ஆகும். எனவே மண்ணெண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்து, துடைத்து, மெஷின் ஆயில் போட்டபின் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: சோல் தைக்கலாமா? – வாசகர், வாணியம்பாடி

பதில்: கூடாது. அப்பர், வார், ஜிப், பை இவ்வளவுதான். தடித்த சோலைத் திணித்தால் ஊசி முறியும், இல்லையென்றால் மேலே சொன்ன பற்கள் போய்விடும்.