ஸ்பானிஷ் தெரிந்தவர்களை வேலைக்கு எடுத்தால் மட்டும் போதாதா?

கேள்வி: அமெரிக்காவில் லத்தீன் மக்களுக்காக, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்காக, ஆங்கிலம், ஸ்பானிஷ் என்று இருமொழியில் நடக்கும் கவுன்சிலிங் மையங்கள் எப்படி வளர்கின்றன? ஸ்பானிஷ் பேசுகிற நாலு பேரைக் கூடுதலாக வேலைக்கு எடுத்தால் தானாக வளர்ந்துவிடாதா?

வளராது. வட கரோலினாவில் அப்படி ஒரு மையத்தில் பில்லிங் பார்க்கிறேன், பெயர் வேண்டாம். தெரபி எனக்குத் தெரியாது, ஆனால் பணம் எந்த வழியாக வருகிறது, எங்கே வந்து நிற்கிறது என்பது நன்றாகத் தெரியும்.

முதலில், ஆள் வருவது பிரச்சினையே இல்லை. 1990 கணக்கெடுப்பில் இந்த மாநிலத்தில் லத்தீன் மக்கள் சுமார் 77,000 பேர்தான், 2020-ல் 11 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். கோழி ஆலை, கட்டட வேலை, புகையிலை, சர்க்கரைவள்ளி வயல்கள் என்று வேலை இருந்த இடமெல்லாம் போய்க் குடியேறினார்கள், அவர்களுக்குப் புரிகிற மொழியில் மனநல சேவை மட்டும் அங்கே இல்லை. இதே மாநிலத்தில் டர்ஹம் நகரில் உள்ள எல் ஃபுடூரோ என்ற மனநல மையம் இந்த இடைவெளியில்தான் வளர்ந்தது. மனநல மருத்துவர் லூக் ஸ்மித்தும் சில தன்னார்வலர்களும் சேர்ந்து ஆரம்பித்தது, 2004-ல் முறையான தொண்டு நிறுவனமானது. இப்போது மற்ற ஊர் தெரபிஸ்டுகளுக்கும் பயிற்சி கொடுக்கிறார்கள். அந்தப் பயிற்சிதான் இதில் முக்கியமான விஷயம் என்பது என் கருத்து.

ஏனென்றால் முட்டுக்கட்டை இருப்பது லைசென்ஸில். இங்கே சமூகப் பணியில் முதுகலை முடித்தவர் முதலில் அசோசியேட் லைசென்ஸ் வாங்கி, 3,000 மணி நேரம் சம்பளத்துக்கு வேலை பார்த்து, கூடவே 100 மணி நேரம் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் உட்கார்ந்தால்தான் முழு லைசென்ஸுக்குப் போகலாம். குறைந்தது இரண்டு வருஷம். அந்த மூத்தவருக்கும் ஸ்பானிஷ் தெரியாவிட்டால், அமர்வில் என்ன பேசினார்கள் என்பதை ஜூனியர் ஆங்கிலத்தில் சுருக்கிச் சொல்ல, அந்தச் சுருக்கத்தை வைத்து இவர் திருத்துவார். பாதி விஷயம் அங்கேயே போச்சு. ஸ்பானிஷில் சிகிச்சை தர முடியும் என்று சொன்ன உளவியலாளர்கள் நாடு முழுக்க 5.5 சதவீதம்தான் என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் 2015 கணக்கெடுப்பு சொன்னது. அதில் மேற்பார்வை செய்யும் அனுபவமும் உள்ளவர்கள் எத்தனை பேர் தேறுவார்கள் என்று நீங்களே யோசியுங்கள். போதாக்குறைக்கு, மேற்பார்வைக்குச் செலவாகும் ஒரு மணி நேரத்துக்கு யாருக்கும் பில் போட முடியாது. இப்படி இரண்டு மூன்று வருஷம் வளர்த்துவிட்ட ஆளுக்கு முழு லைசென்ஸ் கையில் வந்ததும் பெரிய மருத்துவமனையில் இருந்து அழைப்பு வரும், சம்பளமும் கூடுதல். போகாதே என்று எந்த வாயால் சொல்வது?

அடுத்தது பணம். எங்களிடம் வருகிற குழந்தைகளில் பலர் இங்கேயே பிறந்தவர்கள், அவர்களுக்கு மெடிகெய்ட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, உண்டு. அம்மாவுக்கு இருக்காது. 2023 டிசம்பரில் மாநிலம் மெடிகெய்டை விரிவாக்கியபோது எல்லோரும் கைதட்டினோம், ஆனால் ஆவணம் இல்லாதவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை, கிரீன் கார்டு வாங்கியவர்களிலும் பெரும்பாலான பெரியவர்கள் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். அதனால் பள்ளிக்குப் போக மறுக்கும் எட்டு வயசுப் பையனின் பெயரில் ஃபைல் திறக்கும். அவனும் அறையில் இருந்தால் குடும்ப அமர்வுக்கான 90847 என்ற பில்லிங் எண்ணில் பில் போகும். அதே அம்மா தன் மன அழுத்தத்துக்காகத் தனியாக வந்தால் அதைப் பையன் கணக்கில் போட முடியாது, போடவும் கூடாது. வருமானத்தைப் பார்த்து அவரால் முடிந்ததை வாங்கிக்கொள்வோம், மீதியை வெளியிலிருந்து வாங்கும் நிதியுதவியான கிராண்ட் பணத்தில் ஈடுகட்ட வேண்டும். கிராண்ட் கொடுப்பவர்களுக்கோ எப்போதும் புதுத் திட்டம்தான் பிடிக்கும். வாடகைக்கும் மேற்பார்வைக்கும் பணம் கேட்டுப் பாருங்கள், பேச்சே வராது. இதனால்தான் சில மையங்கள் வெளியே பார்க்க வேகமாக வளர்வது போலவும் உள்ளே மூச்சுத் திணறுவது போலவும் இருக்கும்.

அப்புறம், இருமொழி என்று பலகை மாட்டினாலும் சிலருக்கு அந்த இரண்டு மொழியுமே சொந்தமில்லை. மார்கன்டன் ஊரில் கோழி ஆலை வேலைக்கு வந்த குவாத்தமாலா மாயா மக்கள் நிறைய, அவர்களில் வீட்டில் மாயா மொழி பேசி வளர்ந்தவர்களுக்கு ஸ்பானிஷ் பிறகு கற்றுக்கொண்டது.

2025 ஜனவரியில் மருத்துவமனை, பள்ளி, தேவாலயம் போன்ற இடங்களில் குடிவரவு அதிகாரிகள் கைது செய்வதைக் கட்டுப்படுத்திய பழைய வழிகாட்டுதல் விலக்கப்பட்டது. அதற்குப் பிறகு எங்கள் மையத்தில் நேரில் வருவது குறைந்து, வீடியோ அமர்வு கேட்பது கூடியது. கோவிட் சமயத்தில் அந்த ஏற்பாட்டைச் செய்து வைத்திருந்ததால் சமாளித்தோம்.

நீங்களே ஒன்று தொடங்கும் எண்ணத்தில் கேட்டிருந்தால், மேற்பார்வை செய்யத் தகுதியுள்ள, ஸ்பானிஷிலேயே வேலை பார்க்கும் ஒருவரை முதலில் பிடியுங்கள். கட்டடம், இணையதளம் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காப்பீட்டு நிறுவனங்கள் பில்லை ஏற்கும் தெரபிஸ்டுகளின் பட்டியலில் அவர் பெயர் ஏறவே மாதக்கணக்கில் ஆகும், அதுவரை சம்பளம் கொடுக்கக் கையில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.