மருந்து தராத குழு எதற்கு?

கேள்வி: புதிய மருந்தைச் சோதிக்கும்போது நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு அதைக் கொடுக்காமல் விடுகிறார்கள் என்று படித்தேன். மருந்து உண்டவர்கள் குணமடைந்தாலே போதாதா? யாருக்குக் கொடுப்பது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வதும் இரக்கமற்ற செயலாகவே எனக்குப் படுகிறது.

பதில்: நோயாளியின் பக்கம் நின்று கேட்டிருக்கிறீர்கள், அவர் நலனுக்காகவே அந்த ஏற்பாடு. மருந்து உண்டபின் ஒருவர் குணமடைந்தார் என்பதால், மருந்தால்தான் குணமடைந்தார் என்று ஆகிவிடாது. பல நோய்கள் தாமாகவே தணியும். மருந்தில்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை அதே மனிதரிடம் காண வழியில்லாததால், அவரைப் போன்ற வேறு சிலரிடம் காண்கிறோம்.

1747இல் சாலிஸ்பரி என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில், ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் வரும் நோய்) கண்ட 12 மாலுமிகளை ஜேம்ஸ் லிண்ட் என்ற மருத்துவர் இருவர் இருவராகப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே உணவைத் தந்து, சிகிச்சையை மட்டும் மாற்றினார். காடி, கடல்நீர் என வெவ்வேறாகக் கொடுத்ததில், ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே மிக விரைவாகத் தேறினர். முடிவு சரியானதே. ஆயினும், நிலை மிக மோசமாயிருந்த இருவருக்குக் கடல்நீர் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவர்கள் தேறாததற்குக் கடல்நீர் காரணமா, முற்றிய நோய் காரணமா என்று எப்படிப் பிரித்தறிவது? ஆளைப் பார்த்து மருந்தை ஒதுக்கினால் இந்தச் சிக்கல் எழாமல் இராது. அதைத் தவிர்க்கவே குலுக்கல்.

பிரிட்டனில் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினைச் சோதித்தபோது, அந்த மருந்து எல்லோருக்கும் போதுமான அளவில் அங்கே இல்லை. ஆகவே சிலருக்கு அது கிடைக்காமற்போவது எப்படியும் தவிர்க்க முடியாததாக இருந்தது. குலுக்கலின் முடிவை உள்ளே வைத்து முத்திரையிட்ட உறைகளின் மூலம் 55 பேர் மருந்துக்கும் படுக்கை ஓய்வுக்கும், 52 பேர் ஓய்வுக்கு மட்டும் ஒதுக்கப்பட்டனர். 1948இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதங்களில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் பெறாதவர்களில் 14 பேரும் இறந்திருந்தனர். மருந்தே இல்லாமலும் 4 பேரின் நுரையீரல் எக்ஸ்ரே படங்களில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது என்பதையும் கவனியுங்கள். ஒப்பிடக் குழு இல்லாதபோது, இப்படித் தாமாகத் தேறுபவர்களையும் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம். அந்தப் படங்களை ஆராய்ந்தவர்களுக்கு எது யாருடையது என்பது தெரிவிக்கப்படவில்லை.

கேள்வி: அப்படி மறைப்பது ஆய்வாளரின் நேர்மையைச் சந்தேகிப்பதாகாதா?

பதில்: ஆகாது. நேர்மையானவரின் கண்ணும் மனம் எதிர்பார்ப்பதைக் காணும். 1903இல் பிரெஞ்சு இயற்பியலாளர் புளோண்ட்லோ, என்-கதிர்கள் என்ற புதிய கதிர்களைக் கண்டதாக அறிவித்தார். மங்கலான ஒளி சற்றே கூடுவதைக் கண்ணால் பார்த்துச் சொல்வதுதான் அவருடைய அளவீடு. அவர் ஏமாற்றுக்காரர் அல்லர், மதிப்புமிக்க ஆய்வாளர். அடுத்த ஆண்டு அவருடைய ஆய்வகத்துக்குச் சென்ற அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், கதிர்களைப் பிரித்துக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட அலுமினியப் பட்டகத்தை இருட்டில் யாரும் அறியாமல் எடுத்துவிட்டார். அதன் பிறகும் அளவுகள் முன்போலவே சொல்லப்பட்டன.