ஆக்ஸிடோசின்: அன்பு ஸ்ப்ரேயா, மாட்டு ஊசியா, பிரசவ மருந்தா?

பெங்களூரில் மருத்துவ மாணவர்களுக்கு மருந்தியல் சொல்லிக்கொடுக்கிறேன். 'லவ் ஹார்மோன்' என்று பெயர் வாங்கிய ஆக்ஸிடோசின் பற்றி நம் ஊர்த் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் கீழே.

மாரத்தஹள்ளி வாசகர்: மேடம், 'லவ் ஹார்மோன்' ஸ்ப்ரே ஆன்லைனில் விற்கிறார்கள். வீட்டில் தினமும் சண்டை. மனைவிக்குத் தெரியாமல் தலையணையில் அடித்து வைத்தால் பலன் இருக்குமா?

இருக்காது. இருந்தாலும் செய்யாதீர்கள். 2005ல் சூரிச்சில் நடந்த ஒரு ஆய்வில் இதை மூக்கில் அடித்துக்கொண்டவர்கள், முகம் தெரியாதவரை நம்பிக் கூடுதலாகப் பணம் கொடுத்தார்கள். ஊரெல்லாம் பரவியது அந்தச் செய்திதான். 2020ல் பெல்ஜியத்தில் இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்து பார்த்தபோது அந்த விளைவு தென்படவில்லை. அதை விடுங்கள். ஒருவர் மனதை மாற்ற அவருக்குத் தெரியாமல் மருந்து கொடுப்பது மோசடி. மருந்து வேலை செய்யாவிட்டாலும் மோசடிதான். அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். முடியாவிட்டால் இருவருமாக ஒரு ஆலோசகரைப் பாருங்கள்.

அல்சூர் அண்ணன்: எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் காவிரித் தகராறு, மொழிச் சண்டை எல்லாம் நின்றுவிடுமா?

எனக்கும் ஆசைதான். ஆனால் 2010ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டது வேறு. தன் குழுவின் மேல் நம்பிக்கை கூடியது. எதிர்க் குழுவால் ஆபத்து என்று தோன்றினால் தற்காப்புக்காக மோதுவதும் கூடியது. குட்டி போட்ட நாய் குட்டியை நக்கும், கிட்டே போகிறவரைக் கடிக்கும், அந்த மாதிரி.

ஹொரமாவு, கைக்குழந்தையின் தாய்: எனக்கு சிசேரியன். சுகப்பிரசவம் இல்லாததால் ஹார்மோன் சுரக்காது, பிள்ளைப் பாசம் குறையும் என்கிறார் மாமியார்.

குறையாதும்மா. பிள்ளை மார்பில் வாய் வைத்துச் சப்பும்போது அது சுரக்கிறது. 2023ல் ஒரு ஆய்வு வந்தது. ஜோடியாக வாழும் புல்வெளி எலிகளில் இந்த ஹார்மோன் செல்லில் வந்து ஒட்டும் இடமான ஏற்பியையே மரபணு அளவில் நீக்கிவிட்டார்கள். அப்போதும் அவை ஜோடி சேர்ந்தன, குட்டிக்குப் பால் கொடுத்தன. எலியின் பாசமே ஒரு ஹார்மோனோடு முடிந்துபோகவில்லை. மனதைப் போட்டு அலட்டாமல் பிள்ளையை எடுத்து அணைத்துக்கொள்ளுங்கள்.

கே.ஆர்.புரம் பாட்டி: பக்கத்துத் தெருவில் ஊசி போட்டுத்தான் மாடு கறக்கிறார்கள். அந்தப் பாலைக் குடித்தால் பேத்தி சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவாளா?

அதற்கு ஆதாரம் இல்லை பாட்டி. அந்த ஊசியில் இருப்பதும் ஆக்ஸிடோசின்தான். ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி இது, குடலில் செரித்துவிடும். வதைபடுவது மாடுதான். கன்று மடியை முட்டினால் தாயின் மூளையிலிருந்து இது சுரந்து, மடி இளகிப் பால் இறங்கும். கன்று செத்துப்போனால் வைக்கோல் கன்றை நக்கவிட்டுக் கறப்பார்கள், நீங்களே பார்த்திருப்பீர்கள். இப்போது கன்றை விலக்கிவிட்டு வேளைக்கு ஒரு ஊசி. அது கருப்பையையும் சுருங்க வைக்கும். பார்க்கவே பொறுக்காது. 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி இது குற்றம். போலீசில் புகார் கொடுக்கலாம்.

ஜெயநகர் வாசகி: அப்படியானால் மொத்தமாகத் தடை செய்துவிட்டால் என்ன?

வேண்டவே வேண்டாம். 2018ல் மத்திய அரசு, உள்நாட்டுக்குத் தனியார் யாரும் தயாரிக்கக் கூடாது, பெங்களூரில் இருக்கும் ஒரு அரசு நிறுவனம் மட்டும் போதும் என்றது. டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சரியான தீர்ப்பு. பிள்ளை பிறந்தபின் கருப்பை சுருங்காவிட்டால் ரத்தம் நிற்காது, சிறிது நேரத்தில் தாய் போய்விடலாம். அதைத் தடுக்கத்தான் குழந்தை வெளியே வந்ததும் இதில் 10 யூனிட் ஊசி. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டிய மருந்து வேறு. ஒரே ஆலையை நம்பி, நாடு முழுக்க இருக்கும் பிரசவ அறைகளை எப்படி நடத்துவது? அடைக்க வேண்டியது மாட்டுக் கொட்டகைக்குப் போகும் கள்ள வழியை. டாக்டர் சீட்டு இல்லாமல் இதை விற்கும் மெடிக்கல் ஷாப் உங்கள் தெருவில் இருந்தால் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள்.