ஸ்டீயரிங் கனமா, செலவு கனமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகள் கோ-கார்ட் எனும் குட்டி ரேஸ் கார் ஓட்டிப் பார்த்ததிலிருந்து ரேஸ் டிரைவர்தான் ஆவேன் என்று ஒரே பிடிவாதம். "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இந்த வேலை" என்கிறார் மாமியார். பெண்கள் நிஜமாகவே ஆண்களோடு சேர்ந்து ஓட்டுகிறார்களா? – வாசகி, கோரிமேடு

பதில்: சேர்ந்தேதான் ஓட்டுகிறார்கள். கார் பந்தயத்தில் உச்சமான ஃபார்முலா ஒன்னில் பெண்கள் ஓட்டக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. லைசென்ஸும் கார் கொடுக்க ஒரு அணியும் இருந்தால் போதும், ஆனால் அந்தக் கார் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. 1950-ல் தொடங்கிய போட்டியில் இதுவரை பந்தயத்தில் இறங்கிய பெண்கள் இரண்டே பேர், இருவரும் இத்தாலிக்காரர்கள். 1958-ல் மரியா தெரேசா டி பிலிப்பிஸ், எழுபதுகளில் லெல்லா லொம்பார்டி. லொம்பார்டி 1975 ஸ்பெயின் பந்தயத்தில் ஆறாவதாக வந்தார். அப்போது ஆறாம் இடத்துக்கு ஒரு புள்ளி, ஆனால் பெரிய விபத்து நடந்து பந்தயத்தைப் பாதியிலேயே நிறுத்திவிட்டதால் அதிலும் பாதிதான் கொடுத்தார்கள். ஃபார்முலா ஒன்னில் பெண்கள் கணக்கில் இருப்பது இன்றைக்கும் அந்த அரைப் புள்ளி மட்டும்தான்.

மாமியாரிடம் மிஷெல் மூட்டோன் கதையைச் சொல்லுங்கள். பிரான்ஸ்காரர். ராலி என்பது சாதாரண ரோட்டிலும் மண் பாதையிலும் நேரம் கணக்கிட்டு நடக்கும் கார் பந்தயம். 1981-ல் இத்தாலியின் சான்ரெமோ ராலியை ஜெயித்தார், அடுத்த வருடம் மூன்று ராலிகளை ஜெயித்து உலகப் பட்டத்தில் இரண்டாம் இடம். 1985-ல் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைப் பந்தயத்திலும் அவர்தான் முதல். சுமார் 20 கிலோமீட்டர் ஏற்றம், 150-க்கும் மேல் வளைவுகள், அப்போது முழுக்க மண் ரோடு. நம் ஏற்காட்டு 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கே எலுமிச்சம்பழம் தேடுகிறவர்கள் நாம்!

கேள்வி: என்ன இருந்தாலும் உடல் வலு என்று ஒன்று இருக்கிறதே? – வாசகர், சூரமங்கலம்

பதில்: இருக்கிறது. வேகமான வளைவில் ஃபார்முலா ஒன் டிரைவர் மீது புவியீர்ப்பைப் போல ஐந்து மடங்கு விசை வரும். தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறேழு கிலோ என்றால் கழுத்தை முப்பது கிலோவுக்கு மேல் பக்கவாட்டில் இழுக்கும். அந்தக் கழுத்தோடு யாரும் பிறப்பதில்லை, ஆண்களும் பயிற்சி செய்துதான் கொண்டு வருகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் ஃபார்முலா ஒன் காரில் பவர் ஸ்டீயரிங் உண்டு, அதற்குக் கீழ்ப்படிகளான ஃபார்முலா டூ, த்ரீ கார்களில் கிடையாது. மேலே போகிற வழியில்தான் கை ஒடிகிறது. 2024-ல் வந்த புதிய ஃபார்முலா டூ காரில், பெண் டிரைவர்களையும் மனதில் வைத்து ஸ்டீயரிங்கைத் திருப்பத் தேவையான பலத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஆக, இவ்வளவு காலம் பெண் உடம்பின் குறை என்று சொல்லிக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு காரை வடிவமைத்த விதம்தான்.

என்னைக் கேட்டால் உடம்பைவிடப் பெரிய தடை வயதும் காசும். பையனை ஏழு எட்டு வயதிலேயே கார்ட்டில் உட்கார வைத்துவிடுகிறார்கள், பெண் பிள்ளை கேட்டால் "முதல்ல பத்தாவது முடி". அதற்குள் அவன் எத்தனையோ ஆயிரம் லேப் (சுற்று) ஓட்டியிருப்பான். அப்புறம் செலவு. பெண்களுக்கென்றே 2023-ல் தொடங்கிய எஃப் ஒன் அகாடமி என்ற பந்தயத் தொடரில், செலவில் ஒரு பங்கை நடத்துகிறவர்களே ஏற்ற பிறகும், முதல் வருடம் டிரைவர் தரப்பில் ஒன்றரை லட்சம் யூரோ கொண்டுவர வேண்டியிருந்தது. நம்ம காசுக்கு ஒரு கோடியைத் தாண்டும். ஸ்பான்சர் இல்லாமல் எந்த அப்பா கொடுப்பார், சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 17 வயது. விடியற்காலையில் ஏற்காடு மலைப்பாதை காலியாக இருக்கும். அப்பா காரில் அங்கே பழகினால் லைன் பிடிக்க வருமா? – வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: வராது கண்ணு. டிராக்கில் லைன் என்றால் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்தைத் தொட்டு மறுபடி வெளி ஓரம் வரை முழு அகலத்தையும் எடுத்துக்கொள்வது. மலைப்பாதையில் அதில் பாதி எதிரே வருகிறவருடையது. நடுவில் காட்டெருமை நின்றாலும் கேட்பதற்கில்லை. உனக்கு லைசென்ஸ் கிடையாது, மாட்டினால் அப்பாவுக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், காரின் பதிவும் ஒரு வருடம் ரத்து. போதாக்குறைக்கு 25 வயது வரை உனக்கு லைசென்ஸே தரமாட்டார்கள்.

பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவரைக் கவனி, அதில் விஷயம் இருக்கிறது. நல்ல டிரைவர் பிரேக், கியர் வேலையெல்லாம் வளைவுக்கு முன்பே முடித்துவிட்டு, திரும்பும்போது ஸ்டீயரிங் வேலையை மட்டும்தான் செய்வார். ஓட்டிப் பழக கோயம்புத்தூர் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, சேலத்திலிருந்து சங்ககிரி, பெருந்துறை வழியாக மூன்று, மூன்றரை மணி நேரம். அங்கே தேசியப் போட்டிகளே நடக்கின்றன. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ.

கேள்வி: இவ்வளவு செலவு செய்து டிரைவர் ஆக முடியாமல் போனால்? – வாசகர், ஆத்தூர்

பதில்: டிரைவர் சீட் தவிர வேறு நாற்காலிகளும் உண்டு. ரெட் புல் அணியில் எப்போது டயர் மாற்றுவது என்று திட்டம் போடுவதில் ஹன்னா ஷ்மிட்ஸ் முக்கியமானவர். ஹாஸ் அணியில் 2025-ல் லாரா முல்லர் ரேஸ் இன்ஜினியர் (ஓட்டும்போது டிரைவரோடு ரேடியோவில் பேசி வழிகாட்டுகிறவர்) ஆனார், ஃபார்முலா ஒன்னில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண். இரண்டுக்கும் கணக்கு நன்றாக வரவேண்டும். பிள்ளைக்குப் பிடிக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.